கர்ப்பப்பை இறக்கத்துக்கு மெஷ் வைக்கச் சொல்கிறார்கள், நான் கையெழுத்துப் போடலாமா?

அம்மாவுக்கு அடி இறங்கியிருக்கிறது, மெஷ், அதாவது தாங்கிப் பிடிக்கிற வலை, வைக்கணும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள், மகன் நான் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட வேண்டியது அம்மாதான். நல்ல நினைவோடு இருக்கிற பெரிய மனுஷிக்காக வேறு யாரும் சம்மதம் கொடுக்க முடியாது. 2008-ல் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள் அங்கே. என்ன செய்யப் போகிறார்கள், வேறு வழி என்ன, ஆபத்து என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், இவ்வளவும் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான்.

நடப்பது வேறு. மேலூரிலிருந்து என் மாமியாரை அழைத்து வந்தபோது, முந்தின ராத்திரி இங்கிலீஷ் ஃபார்மை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்கள், அத்தை பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தார், அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. மெஷ் என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு, "கொசுவலை மாதிரிம்மா, தாங்கிப் பிடிக்கும்." கொசுவலையைக் கழற்றிவிடலாமே! இது பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக், சதை அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும், பிறகு முழுசாக எடுப்பது பெரும்பாடு.

எந்த வழியாக வைக்கப் போகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கிற மெஷ்ஷின் விற்பனையை 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற எஃப்டிஏ நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக, லேப்ராஸ்கோப்பியில் (சின்னத் துளை போட்டு) வைப்பதற்கோ, சிறுநீர்க் கசிவுக்கு வைக்கிற ஸ்லிங் என்கிற பட்டைக்கோ அந்த உத்தரவு இல்லை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பயப்படவும் வேண்டாம், "எல்லாம் ஒண்ணுதான்" என்று யாராவது சொன்னால் விட்டுவிடவும் வேண்டாம்.

மெஷ் பிறப்புறுப்பின் உள்சுவரை அரித்து வெளியே தெரியலாம், ரத்தம், சீழ் வரலாம், தாம்பத்தியத்தில் வலி வரலாம். இதையெல்லாம் உங்களை வைத்துக்கொண்டு அம்மா கேட்கமாட்டார், அக்காவையோ சித்தியையோ உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள்.

மெஷ் இல்லாமல் சொந்தத் தசையையே இழுத்துத் தைக்கலாம், உள்ளே வைத்துத் தாங்கிப் பிடிக்கிற பெஸ்ஸரி என்கிற வளையமும் இருக்கிறது. விவரம் கேட்டதும் எங்கள் அத்தை, "வளையமே போதும், கத்தி வேணாம்" என்றுவிட்டார். உங்கள் அம்மா ஆபரேஷனே வேண்டும் என்று சொல்லலாம், அது அவர் இஷ்டம். பெரும்பாலும் இது அவசர கேஸ் இல்லை, ஃபார்மை வீட்டுக்கு வாங்கி வந்து தமிழில் படித்துக் காட்டுங்கள். மெஷ் வைத்தால் அதன் கம்பெனிப் பெயர், லாட் நம்பர் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பின்னால் எடுக்க வேண்டி வந்தால், பார்க்கிற டாக்டர் கேட்பது அதைத்தான்.