மலைக்குப் போக பேக்கும் டென்டும்: கேள்வி-பதில்

கேள்வி: பேஸ்புக்ல 80 லிட்டர் பேக் 3,900 ரூபாவுக்கு போட்டிருக்காங்க. ரெண்டு நாள் ட்ரிப்புக்கு எடுக்கலாமா? (தலவாக்கலை)

பதில்: ரெண்டு நாளைக்கு எதுக்கு 80? 40லருந்து 50 லிட்டர் தாராளம். பேக் பெருசா இருந்தா வேண்டாததெல்லாம் உள்ள போகும், ஏத்தத்துல தூக்குறது நீங்கதான். அதோட இந்த விலைக்கு வர்ற பேக்குல இடுப்புப் பட்டின்னு தொங்குறது பெரும்பாலும் வெறும் நாடா. நல்ல பட்டியில ஃபோம் இருக்கும், இடுப்பெலும்பு மேல உக்காந்து பாரத்துல பெரும்பங்க அதுதான் தாங்கும், தோள் இல்ல. முடிஞ்சா கடைக்கு நேர்ல போயி, உள்ள ஏழெட்டு கிலோ ஏத்தி மாட்டி கொஞ்சம் நடந்து பாருங்க. நான் புறக்கோட்டையில வாங்குன ஒரு பேக்கு மஸ்கெலியா பக்கம் ஏறும்போதே தோள்பட்டி தையல் விட்டுப்போச்சு, கடைக்காரர் "பாரம் கூட ஏத்திட்டீங்க"ன்னு கைய விரிச்சிட்டார். பட்டி பேக்கோட சேர்ற இடத்துல பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையல் இருக்கான்னு திருப்பிப் பாத்துட்டு காசக் குடுங்க.

கேள்வி: எந்த பிராண்ட் நல்லம்? (ஹட்டன்)

பதில்: பிராண்ட் பேர விடுங்க, தையலையும் ஜிப்பையும் பாருங்க; பேர் ஒட்டுன டூப்ளிகேட் எல்லா டவுன்லயும் கிடைக்குது.

கேள்வி: வாட்டர் ப்ரூஃப்னு அடிச்சு சொல்லி 14,000 ரூபாவுக்கு டென்ட் வித்தாங்க. ஹப்புத்தளையில முதல் ராத்திரியே உள்ள தண்ணி. திருப்பிக் கொண்டு போனா "விற்ற பொருள் எடுக்க மாட்டோம்"னு பில்ல காட்டுறாங்க. சம்பளத்துல சிறுக சிறுக சேத்த காசு. (பண்டாரவளை)

பதில்: படிக்கவே வயிறு எரியுது. இத சும்மா விடாதீங்க. பொருளோட தரத்தப் பத்தி பொய் சொல்லி விக்கிறது 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்துப்படி குத்தம். அந்த அதிகாரசபையோட 1977 நம்பருக்கு கோல் எடுத்து விசாரிங்க, அப்புறம் எழுத்துல முறைப்பாடு குடுங்க, வாங்கி மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும். பில், விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், தண்ணி ஒழுகுன போட்டோ எல்லாம் பத்திரமா வைங்க.

இத நான் ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். நம்ம டவுன் கடைகள்ல தொங்குற மலிவு டென்ட்ல பாதிக்கு மேல கடற்கரையில வெயிலுக்கு விரிக்கிற சாமான், ஒத்தத் துணி, உச்சியில மட்டும் ஒரு சின்ன தொப்பி. அத மலை நாட்டுல "கேம்பிங் டென்ட்"னு விக்கிறது ஏமாத்து வேலைதான், வேற பேர் இல்ல. இங்க மே மாசத்துலருந்து செப்டம்பர் வரைக்கும் ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை, டிசம்பருக்கு மேல பதுளை பக்கம் வடகீழ் மழை, நடுவுல அக்டோபர் நவம்பர்ல எல்லாப் பக்கமும் பின்னேரம் இடியோட கொட்டும், அப்ப தொப்பி என்னத்துக்கு ஆகும்? வெளித்துணி நிலம் வரைக்கும் இறங்கணும், உள்ள வலைத்துணி தனியா இருக்கணும், இல்லாட்டி மழையே பெய்யாம நம்ம மூச்சுக்காத்தே குளிர்ல தண்ணியாகி உள்ள சொட்டும். வெளித்துணியோட உள்பக்கம் தையல் மேல டேப் ஓடுதான்னு விரலால தடவிப் பாருங்க. லேபிள்ல மில்லிமீட்டர் கணக்கு போட்டிருக்கும், துணி ஒழுகாம எவ்வளவு உயரத் தண்ணிய தாங்குதுங்கிறதுதான் அது. மேல் துணிக்கு 1,500க்கு குறைய வேணாம், அடித்துணிக்கு 3,000 இருந்தா நல்லம். கீழ விரிக்க தனி ஷீட்டுக்கு காசு செலவழிக்காதீங்க, கொழுந்து எடுக்கப் போறவங்க இடுப்புல கட்டுற படங்கு போதும், ஆனா டென்ட விட கொஞ்சம் சின்னதா மடிச்சு விரிங்க, வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா மழைத்தண்ணி அதுல விழுந்து அடியில போய் தேங்கும்.

கேள்வி: 4 பேர் டென்ட்ல 4 பேர் படுத்தா பேக் வைக்க இடமில்ல. (நோர்வூட்)

பதில்: தோளோட தோள் ஒட்டிப் படுக்கிற கணக்கு அது, சாமான் அதுல சேராது. ரெண்டு பேருக்கு 3 பேர் டென்ட் எடுங்க.

கேள்வி: ட்ரிப்புக்கு முதல் நாள்தான் டென்ட் வந்துச்சு. நக்கிள்ஸ்ல பிரிச்சா கம்பி ஒன்னு குறையுது. யார் பிழை? (கண்டி)

பதில்: அனுப்புனவங்க பிழைதான், மாத்திக் கேளுங்க. ஆனா வீட்டு வாசல்ல ஒரு தடவ விரிச்சுப் பாக்க அரை மணித்தியாலம் போதும், அதச் செய்யாம காட்டுக்குப் போறதும் சரியில்ல. எத்தன தடவ எழுதினாலும் இதே கடிதம்தான் வருது.

கேள்வி: பீகோ ட்ரெயில்ல மூணு நாள் நடக்கப் போறோம், நாங்க மூணு பிள்ளைகள், கெம்பஸ்ல படிக்கிறோம். டென்டுக்கு எவ்வளவு ஒதுக்கணும்? (பதுளை)

பதில்: ஒரு சதமும் வேணாம் தங்கச்சி. கண்டியிலருந்து நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல, 22 கட்டமா போற பாதை அது, பெரும்பாலும் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் நடுவாலதான் போகும். தங்குற இடம் உள்ள கட்டமா பாத்து எடுங்க, 30 லிட்டர் பேக் போதும். மிச்சக் காசுல நல்ல ரெயின்கோட்டும் அட்டை ஏறாத நீள சொக்ஸும் வாங்குங்க.

கேள்வி: பேக்குக்கு ரெயின் கவர் போட்டும் உடுப்பு நனையுது. (நானுஓயா)

பதில்: கவர் முதுகுப் பக்கத்த மூடாது, அந்த வழியாத்தான் தண்ணி இறங்குது. தடிச்ச குப்பை பேக் ஒன்ன பேக்குக்குள்ள விட்டு, சாமானெல்லாம் அதுக்குள்ள அடுக்கி வாய முறுக்கிக் கட்டுங்க. ஹோர்டன் சமவெளிக்கு மட்டும் இது சரிவராது, பொலித்தீன வாசல்லயே செக் பண்ணி எடுத்துருவாங்க, அங்க தண்ணி உள்ள போகாத நைலோன் பை, ட்ரை பேக்னு சொல்றது, அதுதான். டென்ட் அடிக்கவும் வனஜீவராசிகள் திணைக்களத்துல முன்கூட்டியே அனுமதி எடுக்கணும், குறிச்ச இடத்துல மட்டும்தான்.

கேள்வி: போன வருஷம் சுருட்டி வச்ச டென்ட் உள்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டுது, நாத்தம் வேற. கழுவுனா சரியாகுமா? (நுவரெலியா)

பதில்: ஆகாது. ஈரத்துல உள்பூச்சு கெட்டுப்போச்சு, இனி மழைய தாங்காது. அடுத்தத நல்லா காய வச்சு, இறுக்கிச் சுருட்டாம துணிப்பையில லூசா போட்டு வைங்க. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களும் உள்பக்கத்த தொட்டு, மோந்து பாத்துட்டு விலை பேசுங்க.