அடுத்தவர் போட்டால் நானும் போடுவேன்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பொதுப்பண விளையாட்டில் கணக்கு எப்படி?

பதில்: நால்வர் குழு, தலைக்கு 20 டோக்கன். அதில் எவ்வளவைத் தன்னிடம் வைத்துக்கொள்வது, எவ்வளவைப் பொதுவில் போடுவது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்வார்கள். பொதுவில் சேரும் மொத்தத்தில் ஒவ்வொருவருக்கும் 0.4 பங்கு. எல்லோரும் முழுதாகப் போட்டால் 80 × 0.4 = ஆளுக்கு 32. ஒருவர் மட்டும் கையை இறுக்கினால் அவருக்கு 20 + 24 = 44, மற்ற மூவருக்கும் 24. போட்ட 20க்குப் போட்டவருக்கே திரும்புவது 8தான். சிக்கலே அங்கேதான்.

கேள்வி: இந்த விளையாட்டில் பலர் பிறர் போடுவதைப் பார்த்துத்தான் போடுகிறார்கள் என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வாயால் சொன்னதை நம்பியா?

பதில்: இல்லை. பொருளாதார ஆய்வாளர்கள் ஃபிஷ்பாகர், கெக்டர், ஃபேர் மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் 44 பேர். முதலில், எதையும் பார்க்காமல் ஒரு தொகை. அடுத்து 21 கட்ட அட்டவணை: மற்றவர்களின் சராசரி 0 என்றால் எவ்வளவு போடுவீர்கள், 1 என்றால் எவ்வளவு, இப்படியே 20 வரை. குழுவில் குலுக்கலில் வரும் ஒருவருக்கு அட்டவணைதான் செல்லும்; மற்றவர்களுக்கு முதல் தொகை. யாருக்கு விழும் என்று தெரியாததால் இரண்டையும் யோசித்துத்தான் நிரப்ப வேண்டும். பாதிப் பேர் பிறர் கூட்டினால் கூட்டினார்கள். சுமார் 30 சதவீதத்தினர் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். 14 சதவீதத்தினர் பிறர் சராசரி பாதியை எட்டும்வரை கூட்டி, பிறகு குறைத்தார்கள்.

கேள்வி: பாதிப் பேர் இப்படியென்றால், விளையாட்டைப் பல சுற்று ஆடும்போது சுற்றுக்குச் சுற்று தொகை ஏன் சரிகிறது?

பதில்: ஓசியில் பலன் பெறுபவர்கள்மேல் மட்டும் பழிபோடாதீர்கள். பிறர் கூட்டினால் கூட்டுபவர்களும் பிறர் அளவுக்குச் சற்றுக் கீழேயே நிற்கிறார்கள். எல்லோரும் அப்படி நின்றால் சராசரி இறங்கும். அதைப் பார்த்து அடுத்த சுற்றில் எதிர்பார்ப்பும் இறங்கும்.

கேள்வி: குறைவாகப் போடுபவருக்குக் குழுவினரே அபராதம் போட்டால் இந்தச் சரிவு நிற்காதா?

பதில்: பல இடங்களில் நிற்கும். 2002இல் வெளியான ஒரு சோதனையில் தண்டிப்பவர் 1 செலவழித்தால் தண்டிக்கப்படுபவருக்கு 3 குறையும். ஆனால் 2008இல் வெளியான, 16 நகரங்களில் செய்த ஒப்பீட்டில், மஸ்கட், ஏதென்ஸ் போன்ற இடங்களில் நிறையப் போட்டவர்களையே தண்டிப்பது அதிகமாக இருந்தது. அங்கே அபராதம் கைகொடுக்கவில்லை.

கேள்வி: கல்லூரி வகுப்பில் செய்து பார்க்கலாமா, சார்?

பதில்: தாராளமாக. யார் எவ்வளவு போட்டார் என்பது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. பக்கத்து பெஞ்சு நண்பர்களை ஒரே குழுவில் போடாதீர்கள். தொடங்கும்முன் நான்கைந்து கணக்குகளைப் போட வையுங்கள், 0.4 புரியாமல் போடுபவரின் தாளைப் பார்த்தால் தாராள மனசு மாதிரியே தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் பிறர் எவ்வளவு போடுவார்கள் என்ற ஊகத்தையும் எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால், தொகை குறைந்தது மனசு மாறியதாலா, எதிர்பார்ப்பு மாறியதாலா என்று பிரிக்கவே முடியாது.