அடிபட்டது மகனுக்கு, சிகிச்சை எங்களுக்கா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. எட்டு மாதங்களுக்கு முன் சாலை விபத்தில் தலையில் அடிபட்டு, முன்மூளையில் காயம் ஏற்பட்டது. இப்போது நடையும் பேச்சும் பழையபடி இருக்கின்றன. ஆனால், சிறு விஷயத்துக்கும் கத்துகிறான், சொன்னதை மறக்கிறான், கேட்டால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்கிறான். தங்கை அவனைக் கண்டாலே ஒதுங்குகிறாள். மருத்துவர் குடும்ப சிகிச்சைக்கு வரச் சொல்கிறார். 'அடிபட்டது அவனுக்கு, நாம் எதற்கு?' என்கிறார் என் கணவர்.

பதில்: உங்கள் கணவரின் தயக்கம் புரிகிறது. குடும்ப சிகிச்சை என்றதும், வளர்ப்பைக் குறை சொல்லப் போகிறார்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதன் நோக்கம் அதுவன்று. திட்டமிடுவது, ஆத்திரத்தை அடக்குவது, தன் நிலையைத் தானே உணர்வது ஆகியவற்றில் பெரும்பங்கு வகிக்கும் முன்மூளை, அடிபடாதவர்களுக்கே ஏறத்தாழ 25 வயதில்தான் முதிர்ச்சி அடைகிறது. அது பாதி வளர்ந்திருக்கும்போதே உங்கள் மகனுக்குக் காயம் பட்டிருக்கிறது. ஆகவே, 'ஒன்றுமில்லை' என்று அவன் சொல்வது பிடிவாதமாக இல்லாமல், காயத்தின் விளைவாகவே இருக்கலாம். தன் குறை தனக்கே புலப்படாதவனைத் தனியே உட்காரவைத்துத் திருத்துவதைவிட, சுற்றியிருப்பவர்கள் பேசும் முறையை மாற்றுவது எளிது.

'குளி, சீருடையைப் போடு, பையை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வா' என்று காலையில் ஒரே மூச்சில் சொல்லியிருப்பீர்கள். அவன் துண்டைத் தோளில் போட்டபடி குளியலறை வாசலிலேயே நின்றிருப்பான்; நீங்கள் குரலை உயர்த்த, அவன் கத்தியிருப்பான். சொன்ன மூன்றில் இரண்டு அவன் நினைவில் தங்கியே இருக்காது. சிகிச்சையாளர் இப்படிப்பட்ட ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொண்டு, எங்கே தடுக்கிறது என்று எல்லோரிடமும் கேட்டு, தோன்றும் வழிகளையெல்லாம் எழுதவைத்து, அவற்றில் ஒன்றை மகனையே தேர்ந்தெடுக்கச் சொல்வார். ஒரு வாரம் செய்து பார்த்துப் பலிக்காவிட்டால், வேறொன்று. கதவில் ஒட்டிய பட்டியலும் செல்போன் அலாரமும் எளியவைதாம். ஆனால், அந்த வயதில் அம்மா ஏவுவதைவிட அலாரம் ஏவுவது அவனுக்குக் கௌரவம்.

மாலைக் கோபத்துக்குப் பல நேரம் மூளையின் களைப்பே காரணம். பள்ளியிலிருந்து வந்ததும் கேள்வி எதுவும் கேட்காமல், சத்தமில்லாத அறையில் சற்று நேரம் ஓய்வெடுக்க விடுங்கள்.

தங்கையின் பயத்தை அவளே சொல்லவும் குடும்ப சிகிச்சையில் இடமுண்டு. உங்களுக்கும்தான்: பிள்ளை கண்ணெதிரே இருக்கும்போதே பழைய பிள்ளையை எண்ணி அழுவது நன்றிகெட்டதனம் என்று நினைத்துப் பல தாய்மார்கள் அந்தத் துக்கத்தை வாய்விட்டுச் சொல்வதே இல்லை.

வலிப்பு, அதிகரிக்கும் தலைவலி, ஓயாத வாந்தி, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஆகியவற்றில் எது தென்பட்டாலும், அடுத்த அமர்வு வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கணவர் இப்போது வர மறுத்தால், நீங்களும் பிள்ளைகளும் தொடங்கிவிடுங்கள். அந்த அலாரத்தை மட்டும் அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து அமைக்கட்டும்.