பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிகளைத் தந்த லாத்தூர்-மார்லியாக் யார்?

ஜோசப் போரி லாத்தூர்-மார்லியாக் (1830–1911) பிரெஞ்சுத் தாவரவியலாளர். 1875-இல் தென்மேற்கு பிரான்சில் அல்லிகளுக்கென்றே நர்சரி தொடங்கினார்.

அப்போது ஐரோப்பியக் குளிரைத் தாங்கியது பெரும்பாலும் வெள்ளை அல்லிதான்; வண்ணமயமான வெப்பநாட்டு அல்லிகள் பனிக்காலத்தில் செத்துவிடும். அதனால் கலப்பினம் செய்தார், அதாவது ஒரு வகையின் மகரந்தத்தை இன்னொன்றில் சேர்த்து விதை எடுத்தார். அப்பாவின் நிறமும் அம்மாவின் உடல்வாகும் ஒரே பிள்ளைக்கு வாய்ப்பதுபோல, குளிர் தாங்கும் கிழங்கும் மஞ்சள், சிவப்பு இதழ்களும் ஒரே செடியில் சேர்ந்தன. எதை எதோடு கலந்தார் என்பதை அவர் முழுதாகச் சொல்லவில்லை. வியாபாரி அல்லவா!

1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவற்றை வைத்தார். அப்புறம் ஓவியர் மோனேயும் அவருடைய வாடிக்கையாளர் ஆனார்.

தான் வாழ்ந்த ஜிவெர்னி ஊர்த் தோட்டத்தில் மோனே வரைந்த அல்லிகள் தானாக முளைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆள்வைத்து வெட்டிய குளம், வண்ண அல்லிகள் இந்த நர்சரியில் காசு கொடுத்து வாங்கியவை.