கோதுமையை நிறுத்தியாச்சு, இனி பரிசோதனை எதற்கு?

கேள்வி: எனக்கு 16 வயது. மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். போன மாதம் தம்பிக்குச் சீலியாக் நோய் என்று சொன்னார்கள். அதிலிருந்து அம்மா வீட்டில் ரொட்டி, ஃபராட்டா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மூன்று வாரத்தில் எனக்கும் வயிற்று உப்புசம் குறைந்திருக்கிறது. ஆறு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டவில்லை. நானும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா? "கோதுமையைத் தொடாமல் இருந்தால் போதாதா, வாய்வழியாகக் குழாய் விடுவதெல்லாம் எதற்கு?" என்கிறார் அம்மா.

பதில்: பரிசோதித்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவருக்கு இந்த நோய், உங்களுக்கோ மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை. இரண்டில் ஒன்று இருந்தாலே பரிசோதனை தேவை. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. தொந்தரவே இல்லாவிட்டாலும் அப்பாவும் அம்மாவும்கூட ரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

சிறுகுடலின் உட்புறம் குளியல் துண்டு மாதிரி, நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கும். சீலியாக் நோயில், கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைப் பார்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கும்போது அந்த நூல்கள் தேய்ந்து வழவழப்பாகிவிடும். இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான். தேய்மானம் அதிகம் இருப்பதும் அங்கேதான். மாத்திரை வீணாவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

முதல் பரிசோதனை குழாய் இல்லை, வெறும் ரத்தம்தான். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருளையும், மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டாவதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. ஐ.ஜி.ஏ. என்பது ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களில் ஒரு வகை. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு, அவர்களுக்கு நோய் இருந்தாலும் முதல் பரிசோதனை 'இல்லை' என்றே காட்டும். அப்போது ஐ.ஜி.ஜி. என்ற வேறு வகை எதிர்ப்பொருளை வைத்துப் பரிசோதனை செய்ய வேண்டும். கையோடு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), பி12, ஃபோலேட், தைராய்டும் பார்த்துவிடலாம்.

அம்மா நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான் இப்போது இடைஞ்சல். கோதுமையை நிறுத்தினால் அந்த எதிர்ப்பொருள் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் ரிப்போர்ட் சுத்தமாக வரும். மூன்று வாரம்தான் ஆகியிருப்பதால் நானாக இருந்தால் இந்த வாரமே ரத்தம் எடுக்கச் சொல்வேன்: இப்போதே அளவு கூடியிருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. 'இல்லை' என்று வந்தால் மட்டும் அதை நம்பாமல், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மறுபடி கோதுமை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். தினமும் இரண்டு வேளை, குறைந்தது ஆறு வாரம். ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். காலையில் இரண்டு துண்டு, மாலையில் ஒரு ஜோடி டோல் பூரி (பருப்பு அடைத்த கோதுமை ரொட்டி) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு 'சாப்பிட்டேன்' என்று எழுதுவது செல்லாது. வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு, எடை இறக்கம் வந்தால் வீம்பு பிடிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

உப்புசம் குறைந்ததே சாட்சி ஆகாதா? ஆகாது. கோதுமையில் குளூட்டன் தவிர ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருளும் உண்டு. சீலியாக் இல்லாத பலருக்கும் வயிறு ஊதுவது அதனால். சோதிக்காமலே கோதுமையை விட்டால், மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போவது போன்ற வேறு காரணம் கண்ணில் படாமலே போகலாம். சீலியாக் என்றால் ஆயுள் முழுக்கப் பத்தியம், எலும்பு வலுவைக் கவனிப்பது, வருடாந்திரப் பரிசோதனை என்று பின்னால் வரும் வேலைகள் வேறு. இத்தனையும் ஊகத்தின்பேரில் செய்ய முடியாது.

குழாய் விஷயம். உங்கள் வயதில் டி.டி.ஜி. அளவு, ஆய்வகத்தின் உச்ச வரம்பைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுத்த இரண்டாவது ரத்த மாதிரியில் ஈ.எம்.ஏ. என்ற இன்னொரு எதிர்ப்பொருள் பரிசோதனையும் உறுதிப்படுத்தினால், எண்டோஸ்கோப்பி என்ற அந்தக் குழாய்ப் பரிசோதனை இல்லாமலே நோயைத் தீர்மானிக்கலாம் என்கிறது ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நல வல்லுநர்களின் 2020 வழிகாட்டி. அளவு கூடியிருந்தும் பத்து மடங்குக்குக் கீழே என்றால் எண்டோஸ்கோப்பி வேண்டும். பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்தே செய்வார்கள். குழாய் உள்ளே இருப்பது கால் மணி நேரம்தான். குடலில் தேய்மானம் திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஐந்தாறு இடத்தில் கிள்ளி எடுப்பார்கள், வலி தெரியாது. அதுவரைக்கும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ரிப்போர்ட் நிஜமாகவே சுத்தமாக வந்தாலும், அது இன்றைய நிலை மட்டும்தான். பிறகு தொந்தரவு வந்தால் மறுபடி பார்க்க வேண்டும். சீலியாக் வருவதற்குத் தேவையான டி.கியூ.2, டி.கியூ.8 மரபணு இரண்டும் இல்லை என்று தெரிந்தால் கவலையை ஏறக்குறைய விட்டுவிடலாம். இருந்தால் அதற்கு அர்த்தம் பெரிதாக ஒன்றுமில்லை, பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்கு அது உண்டு.

நீங்கள் ரொட்டி சாப்பிடும் அந்த ஆறு வாரமும் தம்பியின் பத்தியம் உடையக்கூடாது. ரொட்டித் தூள் ஒட்டிய கத்தியால் வெண்ணெய் எடுத்தாலே அந்த டப்பா அவனுக்கு ஆகாது. டோஸ்டர், ஃபராட்டா தவா இரண்டும் அவனுக்குத் தனி. காத்தோ பிமா (மிளகாய் வடை) பருப்பில் செய்ததுதான், ஆனால் சமோசா பொரித்த அதே எண்ணெயில் பொரித்தால் கூடாது. கோயிலில் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறியும் சோறும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சேமியா பாயசம் வேண்டாம், ரசத்தில் என்ன பெருங்காயம் என்று கேளுங்கள். கடையில் விற்கும் பெருங்காயத் தூளில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருப்பது சாதாரணம். டப்பாவின் பின்பக்கத்தை அம்மா இன்றைக்கே ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும்.