"நோச்சி" என்றால் அக்ரூட் மட்டும்தான்

கேள்வி: என் எட்டு வயது மகனுக்கு வேர்க்கடலை, முந்திரி இரண்டும் ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை தொண்டை வீங்கி அட்மிட் செய்யும் அளவுக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் ரோம், ஃப்ளோரன்ஸ் போகிறோம். அங்கே ஓட்டலில் இதை எப்படிச் சொல்வது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: இந்த ஒரு இத்தாலிய வரியை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுங்கள்: "மீயோ ஃபீல்யோ எ அல்லெர்ஜிகோ அல்லே அராக்கிதி எ அல்யி அனகார்தி." என் மகனுக்கு வேர்க்கடலையும் முந்திரியும் அலர்ஜி என்று அர்த்தம். பெண் குழந்தையானால் "மீயா ஃபீல்யா", "அல்லெர்ஜிகா".

நாம் இங்கே "நட்ஸ் அலர்ஜி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அதே பழக்கத்தில் அகராதியைப் பார்த்து "நோச்சி" என்று சொன்னால், பரிமாறுபவர் அக்ரூட் ஒன்றைத்தான் நினைப்பார், அப்புறம் நல்ல மனதோடேயே முந்திரி அரைத்த பெஸ்தோ என்ற பச்சைச் சட்னியைக் கொண்டுவந்து வைப்பார். ஜெனோவா ஊர்ப் பழைய பக்குவத்தில் பெஸ்தோவுக்குப் போடுவது பைன் கொட்டைதான், ஆனால் கடையில் விற்கும் பாட்டில்களில் பலவற்றில் விலை மலிவு என்று முந்திரி சேர்க்கிறார்கள். லேபிளில் "அனகார்தி" இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பருப்பு வகைகள் மொத்தத்துக்கும் "ஃப்ருத்தா ஆ கூஷ்ஷோ" என்பார்கள், ஆனால் வேர்க்கடலை அதில் சேராது, அதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பேச்சு வழக்கில் வேர்க்கடலைக்கு "நொச்சோலீனே" என்றும் ஒரு பெயர் உண்டு. "நொச்சோலே" என்றால் ஹேசல்நட். காதில் இரண்டும் ஒன்றுபோலவே விழும், அதனால் நீங்கள் "அராக்கிதி"யையே பிடித்துக்கொள்ளுங்கள்.

முந்திரி ஒத்துக்கொள்ளாத பலருக்குப் பிஸ்தாவும் ஒத்துக்கொள்வதில்லை, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். கிளம்பும் முன் டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் மோர்த்தடெல்லா என்ற இறைச்சித் துண்டில் பச்சைப் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் பிஸ்தாதான். ஜெலாத்தோ (இத்தாலிய ஐஸ்கிரீம்) கடையில் பிஸ்தா அள்ளிய அதே கரண்டி அடுத்து வெனிலாவுக்குள் போவதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "ஊனா பலெத்தா புலீத்தா, பெர் ஃபவோரே" என்று சுத்தமான கரண்டி கேட்கலாம்தான், ஆனால் உங்கள் பையன் அளவுக்கு அலர்ஜி இருந்தால் ஜெலாத்தோ கடையையே தவிர்க்கச் சொல்வேன். அவன் அழுதாலும் பரவாயில்லை.

பொரித்த அயிட்டம் எதையும் கேட்காமல் வாங்காதீர்கள். இத்தாலியில் பொரிக்கக் கடலெண்ணெய் சர்வ சாதாரணம். "இன் கே ஓல்யோ ஃப்ரிஜ்ஜேத்தே?" என்றால் எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள் என்று பொருள்.

தயக்கமே வேண்டாம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 வகை அலர்ஜிப் பொருள்களைப் பற்றிய விவரத்தை உணவகங்களும் தந்தாக வேண்டும், அதில் வேர்க்கடலையும் உண்டு, முந்திரியும் உண்டு. "லா லீஸ்தா தெல்யி அல்லெர்ஜெனி" என்று கேளுங்கள், பட்டியலை எடுத்து வருவார்கள். பாக்கெட்டில் "புவோ கொந்தெனேரே த்ராச்சே தி" என்று இருந்தால் அந்தப் பொருள் கொஞ்சம் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை, திரும்ப வைத்துவிடுங்கள். டாக்டர் அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தால் அது சூட்கேஸில் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு 112.

கேள்வி: நான் சுத்த சைவம். "வெஜெதாரியானா" என்று சொன்னால் போதாதா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: போதாது. "நோன் மாஞ்ஜோ நே கார்னே நே பெஷ்ஷே", அதாவது கறியும் சாப்பிடமாட்டேன், மீனும் சாப்பிடமாட்டேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ரிஸோத்தோ என்ற அரிசிச் சோற்றைக் கறி வேகவைத்த சாற்றில் செய்வதுண்டு, பீட்சாவில் "அச்சூகே" என்று இருந்தால் நெத்திலி மாதிரி ஒரு மீன், "சென்ஸா அச்சூகே" என்றால் அது இல்லாமல் தருவார்கள். பர்மிஜானோ சீஸுக்குக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையைத்தான் ஊற்றுகிறார்கள், அதுவும் வேண்டாம் என்றால் "சென்ஸா பர்மிஜானோ".