புரண்டு படுத்தால் அறை சுற்றுகிறது!

கேள்வி: எனக்கு 61 வயது. இரண்டு மாதமாக, படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் மின்விசிறியோடு சேர்ந்து அறையே சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கின்றன. காதும் நன்றாகக் கேட்கிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டுவிட்டார்கள். தலைச்சுற்றல் மாத்திரையும் தொடர்கிறது. நாத்தனார் பித்தம் என்கிறார். பயத்தில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். அடுத்த மாதம் பேரனுக்கு மொட்டை போடப் பழனிக்குப் போகவேண்டும். போகலாமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கெல்லாம் கடிதத்திலேயே விடை எழுதிவிட்டீர்கள், அம்மா. புரண்டால்தான் வருகிறது, அரை நிமிடம்தான் இருக்கிறது, காது கேட்பதில் குறையில்லை. இப்படி இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உள்காதைத்தான். பாவம், பித்தத்தின் மேல் பழி போடாதீர்கள்.

உள்காதில் கால்சியத்தாலான நுண்ணிய படிகங்கள் ஒரு பசைப் படலத்தில் ஒட்டியிருக்கும். வயதாகும்போதோ தலையில் அடிபட்டாலோ அவற்றில் சில உதிர்ந்து, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். தலை திரும்புவதை மூளைக்குச் சொல்வது அந்தக் குழாயிலுள்ள திரவம். நீங்கள் புரண்டதும் படிகங்கள் சரிந்து திரவத்தைத் தள்ளுகின்றன. தலை நின்ற பிறகும், இன்னும் சுழல்கிறோம் என்று ஒரு காது சொல்ல, மறு காது இல்லை என்கிறது. படிகங்கள் அடியில் தங்கியதும் சுற்றல் அடங்குகிறது.

இடம் மாறிய படிகத்தை எந்த மாத்திரையாலும் திருப்பி அனுப்ப முடியாது. ஓரிரு நாள் குமட்டலை அடக்கும், அவ்வளவுதான். சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற தலைச்சுற்றல் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் முதியவர்களுக்குக் கைநடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வரக்கூடும். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

அவர் உங்களை உட்காரவைத்து, தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாத்துவார். தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும். அப்போது சுற்றும், கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள். கருவிழி துடிப்பதைப் பார்த்துத்தான் எந்தக் காது, எந்தக் குழாய் என்று அவர் முடிவு செய்ய வேண்டும். பிறகு தலையை மறுபக்கம் திருப்பி, உடலோடு சேர்த்து இன்னும் உருட்டி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்துக்குக் குறையாமல் நிறுத்தி, எழுப்பி உட்காரவைப்பார். படிகங்கள் குழாயைவிட்டு வெளியே வந்துவிடும். இதுதான் எப்லி முறை. கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. இத்தனை எளிதா என்று சக மருத்துவர்களே நம்பத் தயங்கினார்கள்; அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லியின் கட்டுரை 1992-இல்தான் வெளிவந்தது. பலருக்கு ஓரிரு முறையிலேயே சரியாகிவிடும். கழுத்துத் தேய்மானம் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மென்மையாகச் செய்வார். யூடியூப் பார்த்து நீங்களே தொடங்க வேண்டாம்.

அதன் பிறகும் சில நாள் மிதப்பது போல இருக்கும். அதற்காகப் படுத்தே கிடக்காமல் நடங்கள். நடந்தால்தான் மூளை சமநிலையை மீண்டும் பழகும். தலைக்குக் குளிக்கும்போது, சோப்பு நுரைக்குக் கண்ணை மூடும் அந்த நொடியில்தான் பலர் விழுகிறார்கள். ஒரு கை சுவரில் இருக்கட்டும். இரவில் எழுந்தால் கட்டில் ஓரத்தில் சிறிது உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். பரணில் ஏறிப் பாத்திரம் எடுக்கும் வேலையை மகனிடம் விடுங்கள். இது திரும்பவும் வரக்கூடும்; வந்தால் அதே சிகிச்சைதான். வைட்டமின் டி குறைவாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுற்றல் மணிக்கணக்கில் நீடித்து, காதில் இரைச்சலும் அடைப்பும் சேர்ந்தால் அது மெனியர் என்ற உள்காது நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், நிற்கவே முடியாத தள்ளாட்டம் இவற்றில் ஏதாவது ஒன்று சுற்றலோடு வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

பழனிக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், சிகிச்சையை அதற்கு முன்பே முடித்துவிட்டு. மலைக்கு வின்ச்சில் போகலாம். படியேறித்தான் ஆக வேண்டும் என்றால் ஏறுங்கள். இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள்.